மறதி ஏன் வருகிறது, சில நினைவுகள் ஏன் போவதில்லை? மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு மாதர் சங்கம், முதியோர் சங்கம், ரியூஷன் வகுப்பு என்று யார் கூப்பிட்டாலும் போய் மூளையைப் பற்றிப் பேசுகிறேன். பேச்சு முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்தான் ஆட்கள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, மருதமுனை, தம்பிலுவில் என்று எங்கே போனாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. குளிசையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

ஓமோன் வேறு, மூளை இரசாயனம் வேறா?

ஓமோன், அதாவது பலரும் ஹோர்மோன் என்று சொல்வது, ஒரு சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் சம்பந்தப்பட்டவர்கள்தான் எழும்பிப் போவார்கள். ஓமோனும் அப்படித்தான். அதை ஏற்கும் வாங்கி எந்தக் கலத்தில் இருக்கிறதோ அந்தக் கலம் மட்டும் வேலை செய்யும்.

மூளை இரசாயனம் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லும் செய்தி. ஒரு நரம்புக் கலம் தனக்கு அடுத்த கலத்துக்குச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரம் துண்டாக்கினால் வரும் ஒரு துண்டின் அளவுதான். டொபமைன், அசற்றைல்கோலின், செரட்டோனின், குளுட்டமேற்று எல்லாம் இந்த வகை.

பாடப்புத்தகத்தில் இவற்றை இரண்டு அலகாகப் பிரித்து வைத்திருப்பதால் இரண்டும் தொடர்பில்லாதவை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். உடம்பில் அப்படிப் பிரிவு இல்லை. ஒலிபெருக்கியில் கேட்டதைப் பற்றித்தான் வேலியடியில் கதைப்பார்கள் அல்லவா? நோரதிரினலின் என்ற ஒரே பொருள் இரத்தத்தில் ஓமோனாகவும், மூளைக்குள் நரம்புக்கு நரம்பு போகும் செய்தியாகவும் வேலை செய்கிறது.

நினைவு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒரு இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் புதிய நினைவு உருவாவதற்குக் கட்டாயம் வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. காதுக்கு நேரே உள்ளே, இரு பக்கமும், வளைந்த வடிவில் இருக்கும் ஹிப்போகம்பஸ். கடற்குதிரைக்கான கிரேக்கச் சொல்தான் அது. வெட்டிப் பார்த்தால் வடிவமும் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா. பயம், ஆபத்து, பாசம் போன்றவற்றுக்கு ‘இது முக்கியம்’ என்று குறி வைப்பது அது.

ஹிப்போகம்பஸின் இந்த வேலை தெரியவந்தது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால். வலிப்பை நிறுத்துவதற்காக 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகம்பஸின் பெரிய பகுதியையும் அதை ஒட்டியவற்றையும் வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு 2008இல் இறக்கும் வரை, சந்தித்த மனிதரைச் சில நிமிடத்தில் மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வருடக்கணக்காக அவரைப் பார்க்கப் போனார். ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது ஆள்தான். அந்த மனிதர் தன் வாழ்க்கையையே பாடமாகத் தந்துவிட்டுப் போனார் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

சுனாமி வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. அன்று காலை அம்மா சுட்ட ரொட்டியின் மணம்கூட நினைவிருக்கிறது. போன கிழமை என்ன சமைத்தேன் என்று கேட்டால் தெரியவில்லை. ஏன் இப்படி?

நாவலடி, கல்லடித் திருச்செந்தூர், கல்முனை, பாண்டிருப்பு என்று கரையோரம் எங்கே போனாலும் இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். அந்த நாளைச் சொன்னாலே கூட்டம் அமைதியாகிவிடும்.

ஆபத்து என்று தெரிந்த சில வினாடிக்குள் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி அதிரினலினைக் கொட்டும். நெஞ்சு அடிக்கும், வாய் உலரும், கால் ஓடும். இந்த அதிரினலின் மூளைக்குள் இலகுவில் நுழையாது. மூளையின் இரத்தக் குழாய்களில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஆகவே அது சுற்றுவழியில் சேதி அனுப்புகிறது. நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மேலே போகும் வேகசு நரம்பு அந்தத் தகவலை மூளைத் தண்டுக்குக் கொண்டு போகும். அங்கே நீலப்புள்ளி என்று பொருள்படும் பெயருள்ள ஒரு சிறிய கலக் கூட்டம் இருக்கிறது. அது விழித்துக்கொண்டு மூளை முழுக்க நோரதிரினலினை அனுப்பும். அமிக்டலா அதை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஹிப்போகம்பஸுக்கு ‘இதை விடாதே’ என்று சொல்லும்.

சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது ஓமோனான கோட்டிசோல் வருகிறது. இது கொழுப்பில் கரைவதால் தடுப்பைத் தாண்டி நேரே மூளைக்குள் போகும். ஹிப்போகம்பஸில் இதை ஏற்கும் வாங்கிகள் நிறைந்து கிடக்கின்றன என்பதை 1968இல் புரூஸ் மக்கீவனும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். நோரதிரினலினும் கோட்டிசோலும் ஒரே நேரத்தில் அமிக்டலாவில் சந்திக்கும்போதுதான் நினைவு ஆழமாகப் பதிகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்த அழுத்தம் வருவதில்லை.

இதை மனிதரில் அழகாகக் காட்டிய பரிசோதனை ஒன்று 1994இல் வெளிவந்தது. லாரி கேஹிலும் ஜேம்ஸ் மக்கோவும் செய்தது. ஒரு சிறுவன் வாகனத்தில் அடிபடும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். சாதாரணமாக ஆட்களுக்கு அடிபடும் பகுதிதான் நன்றாக நினைவிருக்கும். கதைக்கு முன்பு புரொப்ரனலோல் என்ற குளிசை, அதாவது அதிரினலின் வகைப் பொருட்கள் வாங்கியில் சேராமல் மறிக்கும் மருந்து, எடுத்தவர்களுக்கு அந்தப் பகுதி விசேஷமாக நினைவில் நிற்கவில்லை. கதையின் சாதாரணப் பகுதிகளில் மாற்றமும் இல்லை.

சரி, ரொட்டியின் மணம் ஏன்? பயத்துக்குச் சற்று முன்பு நடந்ததும் அந்த ஓமோன் அலையில் சேர்ந்து பதியலாம், ஏனென்றால் நினைவு இறுகுவதற்கு மணித்தியாலங்கள் எடுக்கும். அதற்குள் வரும் ஓமோன் அதற்கு முந்தியதையும் பிடித்துக்கொள்ளும். போன கிழமை சமையலுக்கு அப்படி ஒரு மணியும் அடிக்கவில்லை. அது மறந்து போனதில் குறை ஒன்றும் இல்லை.

அந்த நாள் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. எப்படிக் கோயில் மதிலில் ஏறினேன் என்றே தெரியவில்லை.

மிக அதிகமான பயத்தில் கண்ணுக்கு முன்னால் நின்ற ஒன்று ஆழமாகப் பதியும். சுற்றி நடந்ததும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்த ஒழுங்கும் நழுவும். அமிக்டலா உரத்துக் கத்தும்போது, இடத்தையும் வரிசையையும் கோர்க்கும் ஹிப்போகம்பஸால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ‘நீ பொய் சொல்லுறாய், போன முறை வேற மாதிரிச் சொன்னாய்’ என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். நான் இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். பிள்ளையை இழந்தவரிடம் அப்படிக் கேட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சிலருக்கு அந்த நினைவு பழையதாக ஆவதே இல்லை. கடல் இரைந்தால், மழைக்காலத்தில் காற்று மாறினால், இப்போதே நடப்பது போல உடம்பு நடுங்கும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள் சிலரிடமும், யுத்தத்தில் அடிபட்டவர்களிடமும் இதைக் காண்கிறேன். இதற்கு வைத்தியம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கின் முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளோடு செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்தான் செய்தார்கள். சில பிள்ளைகளுக்கு நடந்ததை ஆதியோடந்தமாகக் கதையாகச் சொல்ல வைத்தார்கள், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு பக்கத்திலும் ஆறு அமர்வுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள்.

மகள் உயர்தரம் எடுக்கிறாள். வீட்டில் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வரவில்லை என்கிறாள். படிக்காமல் சாட்டுச் சொல்கிறாளா?

சாட்டு இல்லை, தாயே. படித்தது உள்ளே இருக்கிறது, எடுக்கும் கதவுதான் பூட்டிக்கொண்டது. நினைவைப் பதிப்பதற்கு உதவுகிற அதே கோட்டிசோல், பதிந்ததை வெளியே எடுப்பதற்குத் தடையாக நிற்கிறது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். டொமினிக் டி குவெர்வேன் என்ற ஆய்வாளர் 1998இல் எலிகளிலும் 2000இல் மனிதரிலும் இதைக் காட்டினார். முதல் நாள் சொற்பட்டியல் ஒன்றைப் படித்தவர்களுக்கு, மறுநாள் கேட்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு, உடம்பில் கோட்டிசோலாக மாறும் கோட்டிசோன் குளிசை கொடுத்தார்கள். சொற்கள் குறைவாகவே வந்தன. படிப்பதற்கு முன்போ படித்த உடனேயோ கொடுத்தபோது அந்தக் குறை வரவில்லை.

இன்னொரு விஷயம். பயம் தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில்தான் கோட்டிசோல் உச்சத்துக்கு வரும். பிள்ளையைக் காலையில் வெளிக்கிடுத்தும்போது ‘இதில கோட்டை விட்டியோ, உன்ர வாழ்க்கை முடிஞ்சுது’ என்று சொல்லி அனுப்பினால், வினாத்தாள் கைக்கு வரும் நேரத்தில் அது உச்சத்தில் நிற்கும். பரீட்சைக் காலையில் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, வாயை மூடிக்கொண்டு சோறு கட்டிக் கொடுப்பதுதான்.

கொஞ்சப் பதற்றம் தேவை. அடியோடு பதற்றமில்லாத பிள்ளையும் நன்றாகச் செய்யாது, மிஞ்சிப் பதறும் பிள்ளையும் செய்யாது. யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் 1908இலேயே எலிகளை வைத்து இந்த மலைபோன்ற வளைவின் அடிப்படையைக் காட்டினார்கள்.

இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது, காசும் இல்லை. 2016இல் அமெரிக்காவில் 120 பேரோடு செய்த ஆய்வில், ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் பட்டியலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். மறுநாள் கூட்டத்தின் முன் பேச வைத்து, கணக்குக் கேட்டு, வேண்டுமென்றே பதற வைத்தார்கள். வாசித்தவர்களின் நினைவு சரிந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களின் நினைவு பதற்றத்தில் அசையவில்லை. என் மாணவர்களுக்கு இதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன்: புத்தகத்தை மூடு, வெள்ளைத் தாளை எடு, எழுது, அப்புறம் திறந்து பார். நிறக்கோடு போட்டு நாலு தரம் வாசிப்பது படித்தது போல இருக்கும், படிந்திருக்காது.

அப்படியென்றால் பரீட்சைக்கு முதல் அந்தப் புரொப்ரனலோல் குளிசையைப் போடலாமா?

வேண்டாம். ஆஸ்மா உள்ளவருக்கு அது மூச்சை அடைக்கும் ஆபத்து. நாடித்துடிப்பையும் பிரஷரையும் இறக்கும். நண்பனின் அப்பாவுடைய பையிலிருந்து எடுத்துப் போட்ட பையனை எனக்குத் தெரியும். மண்டபத்தில் தலைசுற்றி விழுந்தான்.

விடிய விடிய விழித்துப் படிப்பது நல்லதா?

இல்லை. படிப்பின் இரண்டாவது பாதி நித்திரையில் நடக்கிறது. ஹிப்போகம்பஸில் பகலில் தற்காலிகமாகப் பிடித்து வைத்ததை, ஆழ்ந்த நித்திரையில் மூளை தன் வெளிப்புறப் பகுதிக்கு மாற்றி நிரந்தரமாக்குகிறது. இந்த ஆழ்ந்த நித்திரை இரவின் முதல் பாதியில்தான் கூட. அந்த நேரத்தில் இரண்டு பொருட்கள் மிகக் குறைந்திருக்க வேண்டும்: ஒன்று கோட்டிசோல், மற்றது அசற்றைல்கோலின். விழித்திருக்கும்போது புதியதைக் கற்க அசற்றைல்கோலின் தேவை. ஆழ்ந்த நித்திரையில் அது தணிந்தால்தான் உள்ளே எடுத்ததை அடுக்கி வைக்க முடியும். ஜேர்மனியில் ஸ்டெஃபன் கைஸும் யான் போர்னும் 2004இல், நித்திரையின்போது ஒரு மருந்தால் அசற்றைல்கோலினைத் தணியவிடாமல் செய்தார்கள். படித்த சொற்கள் வழமையைப்போல் பதியவில்லை.

கோட்டிசோல் நடு இரவை ஒட்டி மிகக் குறைவு, விடிந்து எழும்பி அரை மணித்தியாலத்தில் மிகக் கூட. விடிய விடிய விழித்து, பால் விடாத தேத்தண்ணி குடித்து, பயத்தோடு இருந்தால் இந்த ஒழுங்கு கலைகிறது. இருட்டில் சுரக்கும் நித்திரை ஓமோனான மெலற்றோனினையும் கைத்தொலைபேசி வெளிச்சம் பிந்த வைக்கும். பத்து மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்புகிற பிள்ளை, இரண்டு மணிக்குப் படுத்து ஏழுக்கு எழும்புகிற பிள்ளையைவிட நல்ல நிலையில் இருக்கும். இன்னும் ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொண்டால் அதைவிட நல்லது.

நாற்பத்தைந்து வயதில் இப்படி மறதி வருமா? அடுப்பில் வைத்ததே மறந்து போகிறது.

முதலில் தைரொய்ட் பாருங்கள். இதை நான் கோபத்தோடு சொல்கிறேன், காரணம் உண்டு. என் தங்கைக்கு நாற்பத்தாறு வயதில் மறதி வந்தது. பால் பொங்கி ஊற்றும், திறப்பைத் தேடுவாள், சொல்ல வந்த சொல் வாயில் வராது. கூடவே குளிர், மலச்சிக்கல், முடி உதிர்வு, நிறை கூடுதல். காட்டின இடத்தில் ‘யோசனை, வயசு’ என்று சொல்லி விற்றமின் எழுதி அனுப்பினார்கள். இரண்டு வருடம். வீட்டில் நாங்களும் ‘கவனமில்லாமல் திரிகிறாய்’ என்று ஏசினோம். பிறகு வேறொரு வைத்தியர் தைரொய்டைப் பார்க்கும் ரீஎஸ்எச் (TSH) இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், தைரொய்ட் சுரப்பியின் ஓமோனான தைரொக்சின் குறைவு என்று வந்தது. குளிசை தொடங்கிச் சில மாதத்தில் பழைய ஆள் திரும்பி வந்தாள். ஏசினதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பொறுக்காது.

தைரொக்சின் மூளைக்குள் போய் அங்கேயே அதிக வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. ஹிப்போகம்பஸில் அதை ஏற்கும் வாங்கிகள் நிறைய. அது குறைந்தால் மூளைக் கலங்களின் சக்திச் செலவே மந்தமாகிறது, செரட்டோனின் போன்றவற்றின் ஓட்டமும் மாறுகிறது. அதனால்தான் மறதியும் சோர்வும் கவலையும் ஒன்றாக வரும். குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தேத்தண்ணி, இரும்புச்சத்து, கல்சியம் எல்லாம் அதற்குப் பிறகு, இடைவெளி விட்டு. இலங்கையில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்க்கிறார்கள். அந்த உப்பைத் திறந்த சிரட்டையில் அடுப்படியில் வைக்காமல் மூடி வைத்தால்தான் அயடீன் தங்கும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் மறதி கூடுகிறதே?

உண்மைதான், கற்பனை இல்லை. பெண்களின் ஓமோனான ஈஸ்திரஜன் ஹிப்போகம்பஸில் அசற்றைல்கோலினின் வேலைக்குத் துணை நிற்கிறது. எலிகளில் அதன் அளவு ஏறி இறங்கும்போது, நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொடும் சிறு முள்ளுகளின் எண்ணிக்கையும் சில நாளுக்குள் கூடிக் குறைவதை 1990இல் கண்டார்கள். அந்தத் துணை தளம்பும் வருடங்களில் சொற்கள் நழுவும். இரவில் உடம்பு கொதித்து வியர்த்து நித்திரை குழம்புவதும் சேர்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அந்தக் காலம் கடந்தபின் சீராகிவிடும்.

மறதிக்காக மட்டும் ஓமோன் குளிசை எடுக்க வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களோடு அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஈஸ்திரஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த குளிசை எடுத்தவர்களுக்கு முதுமை மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது.

கர்ப்ப காலத்து மறதி?

அதுவும் இருக்கிறது. முதல் பிள்ளை பெற்ற தாய்மாரின் மூளையை முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. சில பகுதிகள் சுருங்கியிருந்தன, மாற்றம் இரண்டு வருடம் நீடித்தது. அவை பெரும்பாலும் மற்றவர் மனதை அறியும் பகுதிகள், தாயின் பாசத்தோடு அந்த மாற்றத்துக்குத் தொடர்பும் இருந்தது. மூளை தேய்கிறது என்று பயப்பட வேண்டாம். திறப்பை எங்கே வைத்தாள் என்பது தெரியாத தாய்க்குப் பிள்ளை அழும் தொனியில் பசியா வலியா என்பது தெரிந்துவிடுகிறது.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். நோன்பு காலத்தில் பின்னேரத்தில் குழம்பிக் கதைக்கிறார், கேட்டது நினைவில்லை. வயதா?

வயது என்று விட்டுவிடாதீர்கள், உடனே சீனி பாருங்கள். மூளை உடம்பின் நிறையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது, அதைச் சேமித்து வைக்கவும் இடமில்லை. இன்சுலின் ஊசியோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்கு, சாப்பாடு பிந்தினால் சீனி 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், தெரிந்த பெயரைத் தடுமாறுவது எல்லாம் அதன் அடையாளம். அந்த நேரத்தில் நோன்பைத் திறந்து சீனித் தண்ணி கொடுக்க வேண்டும். உயிர் ஆபத்தில் நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று காத்தான்குடியில் கூட்டத்தில் இருந்த மௌலவி ஒருவரே எழும்பிச் சொன்னார். நோன்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கிளினிக்கில் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள்.

நீண்ட நாள் கூடிய சீனியும் மறதி கொண்டு வரும். இன்சுலின் மூளையிலும் நினைவுக்கு உதவுகிறது. உடம்பு அதற்குச் செவிசாய்க்காமல் போகும்போது ஹிப்போகம்பஸும் பாதிக்கப்படுகிறது. இன்னொன்று, மெற்ஃபோமின் குளிசை வருடக்கணக்காக எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் மறதி, கால் விறைப்பு. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும், இலகுவாகத் திருத்தலாம்.

தடிமனுக்குப் போடும் குளிசையால் மறதி வருமா?

வரும், வயதானவர்களுக்கு விசேஷமாக. குளோர்பெனிரமின், நம்மூரில் பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவது, அசற்றைல்கோலினின் வாங்கிகளையும் கொஞ்சம் அடைத்துவிடும். மூத்திரம் அடக்க முடியாததற்கும், பழைய வகை மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படியே. இரண்டு மூன்று சேர்ந்தால் அம்மம்மா குழம்பிப் போவார். அல்சைமர் நோயில் அசற்றைல்கோலினைச் சுரக்கும் கலங்களும் பெருமளவில் அழிகின்றன. டொனெபெசில் என்ற மருந்து மிஞ்சிய அசற்றைல்கோலினைச் சிதையாமல் காக்கிறது. ஒரு கையால் அதைக் கொடுத்து மறு கையால் பிரிட்டோன் கொடுப்பது எவ்வளவு பிழை என்று யோசியுங்கள்.

ஊமத்தங்காய் தின்ற பிள்ளைகள் வெறி பிடித்தவர் போலக் கதைத்து, தெளிந்தபின் ஒன்றும் நினைவில்லாமல் விழிப்பதும் இதனால்தான். அதிலுள்ள அத்திரோப்பின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சுகள் அசற்றைல்கோலினை முற்றாக மறித்துவிடும். வளவில் ஊமத்தை நின்றால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் பிடுங்கிவிடுங்கள்.

குடித்தவர் நேற்று நடந்ததைத் தெரியாது என்கிறாரே, நடிப்பா?

நடிப்பாக இருக்கத் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சிய சாராயமோ கசிப்போ ஹிப்போகம்பஸில் குளுட்டமேற்றின் வேலையை மறிக்கும். ஆள் நடப்பார், கதைப்பார், சண்டை பிடிப்பார், பதிவு மட்டும் நடக்காது. பதியாததால் நடந்தது நடக்காததாகிவிடாது, அடிபட்ட மனைவிக்கு அது பதிந்திருக்கும். அவளுடைய அதிரினலின் தன் வேலையைச் செய்திருக்கும்.

ஃபோன் பார்ப்பதால் பிள்ளைக்கு டொபமைன் கூடி நினைவு போய்விடுமா?

டொபமைன் நஞ்சு இல்லை. எதிர்பார்த்ததைவிட நல்லது ஒன்று கிடைத்தால் அது பாயும் என்பதை வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் காட்டினார். புதியதைக் கண்டால் ஹிப்போகம்பஸுக்கு அது கற்க உதவுகிறது. சிக்கல் எங்கே என்றால், படித்து முடித்த கையோடு நூறு புதிய வீடியோ பார்த்தால், படித்தது இறுகுவதற்கு ஓய்வு கிடைப்பதில்லை. 2012இல் வந்த ஒரு ஆய்வில் முதியவர்களுக்குக் கதை சொல்லி, பத்து நிமிடம் இருட்டறையில் சும்மா இருக்க விட்டார்கள். ஏழு நாள் கழித்தும் அந்தக் கதை நன்றாக நினைவிருந்தது. உடனே விளையாட்டு ஒன்றைக் கொடுத்தபோது கேட்ட கதை அவ்வளவு நிற்கவில்லை. படித்து முடித்ததும் பத்து நிமிடம் முற்றத்தில் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

வல்லாரைச் சம்பல் நினைவைக் கூட்டுமா?

நல்ல கீரை, சாப்பிடுங்கள். நினைவைக் கூட்டும் என்பதற்கு மனிதரில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. நடைக்குச் சான்று இருக்கிறது. 2011இல் வந்த ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேர் கிழமைக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. வெறும் உடல் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுருங்கியது. நரம்புக் கலங்களை வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற பொருளின் கூடுதலும் அந்த வளர்ச்சியோடு சேர்ந்து தெரிந்தது. பின்னேரத்தில் கல்லடிப் பாலத்தில் காற்று வாங்க நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

எங்கள் கூத்து அண்ணாவியாருக்கு அறளை பெயர்ந்துவிட்டது, மகனின் பெயரே தெரியாது. ஆனால் மத்தளம் கேட்டால் வடமோடி ஆட்டத்தைப் பிசகாமல் ஆடுகிறார். எப்படி?

மொலைசனுக்கும் இப்படித்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை மில்னர் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் ‘இதை நான் செய்ததே இல்லை’ என்பார், ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. கைப்பழக்கமும் கால்பழக்கமும் ஹிப்போகம்பஸில் தங்குவதில்லை. டொபமைன் ஓடும் வேறு ஆழமான பகுதிகளிலும் சிறுமூளையிலும் இருக்கின்றன. அல்சைமர் அவற்றைப் பிந்தித்தான் தொடும். இளவயதில் களரியில் விடிய விடிய ஆடி, உணர்ச்சியோடு பதிந்தது வேறு. அவருக்கு மத்தளத்தை எடுத்துக் கொடுங்கள், கூட நின்று தாளம் போடுங்கள்.

ஆனால் எல்லா முதியவரின் மறதியும் அறளை இல்லை. துணையை இழந்து, பேச ஆளில்லாமல், சாப்பாடு பிடிக்காமல் இருப்பவருக்கு மனச்சோர்வே மறதியாகத் தெரியும். அங்கே கோட்டிசோல் நாள் முழுக்க இறங்காமல் நிற்கலாம். நீண்ட மனஅழுத்தத்தில் ஹிப்போகம்பஸின் கலக் கிளைகள் சுருங்குவதையும், அழுத்தம் நீங்கினால் திரும்ப வளர்வதையும் மக்கீவனின் குழு எலிகளில் கண்டது. சோர்வுக்கு வைத்தியம் செய்தால் நினைவும் பெரும்பாலும் தெளிகிறது.

எங்கே காட்டுவது? என்ன கொண்டு போவது?

பக்கத்தில் உள்ள அரச வைத்தியசாலையில் தொடங்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. மனம் தாங்காத நேரத்தில் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். திடீரென்று ஒரு நாளில் குழப்பமோ, வாய் கோணுவதோ, பேச்சுக் குழறுவதோ வந்தால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மறதி மெதுவாக வந்ததென்றால் ரீஎஸ்எச், பி12, சீனி, இரத்தச்சோகை பார்த்தார்களா என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசையையும், நாட்டு மருந்தையும், பார்மசியில் சொல்லி வாங்கினதையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எதை மறக்கிறார், நித்திரை எப்படி, கடைசியாக வீட்டில் என்ன இழப்பு நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறப்பவரைத் தனியாக அனுப்பாமல், அவரோடு நாள் முழுக்க இருப்பவர் கூடப் போக வேண்டும். வைத்தியர் கேட்கும்போது அவரை முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும், விட்டதை நீங்கள் பிறகு சொல்லுங்கள்.